என் அத்தான் காயவைத்த சாக்கடை

எங்கள் தெருவில் என் அக்கா புருஷனுக்கு 'நன்றியுரை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மின்சார பில்லில் மட்டும் வரும். வாசகசாலை ஆண்டுவிழாவோ, தண்ணீர்த் தொட்டி திறப்போ, தபால்காரர் ஓய்வு பெறுகிற கூட்டமோ, எதுவானாலும் கடைசியில் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றி சொல்கிறவர் அவர்தான். நாற்காலி கொடுத்தவருக்கு நன்றி, மைக் கொடுத்தவருக்கு நன்றி, வந்தவருக்கு நன்றி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவருக்கும் நன்றி. ஒருமுறை தெருவிளக்கை மாற்றித் தருவதாக வாய்ச்சொல் சொல்லிவிட்டுப் போன ஆட்களுக்கு மேடை போட்டு நன்றி சொன்னார். விளக்கு இன்றுவரை மாறவில்லை. நன்றியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போனவன் எதற்குத் திரும்பி வரப்போகிறான்?

அத்தானைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மரியாதையாகப் பேசு என்று அக்கா என்னைக் கடிந்துகொள்வாள். நானும் முயன்று பார்த்தேன், வரவில்லை. நான் ஸ்கூட்டர் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன். ஓடாத வண்டியை ஓடுகிறது என்று சொல்லிப் பழக்கமில்லை.

அத்தான் வேலை பார்த்தது ஒரு பம்பு கம்பெனியில். தண்ணீர் இறைக்கிற மோட்டார் பம்புகள் செய்கிற இடம். ஆனால் அவர் கையில் ஒருநாளும் கிரீஸ் பட்டதில்லை. முதலாளிக்கு பி.ஏ.வாக இருந்தார். உண்மையில் அவர் பார்த்த வேலைக்கு 'விசிட்' என்று பெயர். வெளியூரிலிருந்து டைரக்டர்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வருவார்கள். முந்தைய நாளே அத்தான் களத்தில் இறங்கிவிடுவார். துருப்பிடித்த பம்புகளைத் தார்ப்பாய் போட்டு மூடி முன்னால் பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்குவார். கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே கம்பளம் விரிப்பார். செத்துக் கிடக்கும் இயந்திரத்தின் முன்னால் ஒரு தொழிலாளியை நிறுத்தி, அவர்கள் தாண்டிப்போகும் வரை துணியால் துடைத்துக்கொண்டே இரு என்பார். டைரக்டர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுக் காரேறுவார்கள். எல்லாம் பிரமாதமாக இருக்கிறதே, புது இயந்திரம் எதற்கு என்று மேலிடத்தில் முடிவாகும். இப்படியே பழைய இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பிறகு கம்பெனியே படுத்தது. இழுத்து மூடிய அன்றைக்கும் வாசலில் பூந்தொட்டி இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்கப்பட வேண்டிய இந்தக் கதையை அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். "என் சர்வீஸ்ல ஒரு டைரக்டர்கூட ஒரு குறை சொன்னதில்ல மச்சான்."

வீட்டிலும் அதே விசிட்தான். அவர் வீட்டு முன்னறையில் உறை போட்ட நாற்காலிகள் இருக்கின்றன. அதில் வீட்டு மனிதர்கள் உட்காரக் கூடாது. யாராவது வந்தால் உட்காருவதற்காம். அக்கா கல்யாணமான நாளிலிருந்து அடுக்களையில் ஒரு முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு பெரிய ஆட்கள் யார் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். நான் போனால் எனக்கும் முக்காலிதான்.

இனி தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு ஒரு சரிவு. அத்தான் வீடு மேட்டில், என் பட்டறை பள்ளத்தில். தெருவின் அடியில் ஓடுகிற சாக்கடைக் குழாய், யாருடைய தாத்தா காலத்திலோ பத்துப் பதினைந்து வீடுகளுக்காகப் போட்டது. இப்போது ஒவ்வொரு வீட்டின் தலையிலும் இரண்டு மாடி ஏறிவிட்டது. காலையில் மேட்டில் இருப்பவர்கள் எல்லாரும் குளித்து, துவைத்து, கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால், அத்தனையும் சேர்ந்து வந்து, குழாய் கொள்ளாமல், பள்ளத்தில் இருக்கும் குழியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே பொங்கும். மேட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. மூக்குக்கு எட்டாதது அவர்களைப் பொறுத்தவரை நடக்காதது.

அந்தக் குழிக்கு நேர் எதிரே, என் பட்டறைக்கு அடுத்த வீட்டின் தரைத்தளத்தில், அக்கா மகள் குடியிருந்தாள். புருஷன் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். அதிகம் பேசாத பிள்ளை. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழ ஆரம்பித்த பருவமும் சாக்கடை வீட்டுக்குள் வர ஆரம்பித்த பருவமும் ஒன்றாகப் போயிற்று. வாசல்படியைத் தாண்டிக் கறுப்புத் தண்ணீர் உள்ளே வரும். அள்ளிக் கொட்டி, கழுவி, மருந்து தெளித்து முடிப்பதற்குள் மறுநாள் விடிந்துவிடும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தது. இரண்டாவது தடவை ஊசி குத்த இடமில்லாமல் பாதத்தில் குத்தினார்கள். "இந்தப் பிள்ளையைத் தரையில விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். தவழ்கிற பிள்ளையைத் தரையில் விடாமல் வேறு எங்கே விடுவது? அக்கா காலையில் எழுந்ததும் சரிவில் இறங்கி வந்து, மகள் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை பேத்தியை இடுப்பிலேயே வைத்திருந்தாள். அவளுக்கே இடுப்புவலி. ஆனாலும் அந்தக் குழந்தை தோளில் சாய்ந்து தூங்கும்போது அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே, நாற்காலியில் உட்காராத குறையெல்லாம் தீர்ந்தமாதிரி இருக்கும்.

"அந்த முன்னறையைப் புள்ளைங்களுக்குக் குடுத்துடலாமேங்க" என்று அக்கா ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள். நானும் மாப்பிள்ளையும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம்.

"குடுத்துட்டு? யாராவது வந்தா எங்க உக்கார வைக்கிறது?" என்றார் அத்தான்.

மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஐஸ் கம்பெனிக்கு வேறு ஊரில் ஒரு கிளை இருந்தது. அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "மழைக்கு முன்னாடி இந்தச் சாக்கடைக்கு ஒரு வழி பொறந்தா இருப்போம் மாமா. இல்லன்னா கிளம்பிடுவோம்" என்று என்னிடம் சொன்னார். அதை நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா அன்று முழுவதும் குழந்தையைக் கீழே இறக்கவே இல்லை.

அப்போதுதான் கவுன்சிலர் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. அந்த வருஷம் ஒரே ஒரு தெருவுக்குத்தான் புதுக் குழாய் போட மாநகராட்சியில் நிதி இருக்கிறதாம். எங்கள் தெரு, பின்தெரு, சந்தைத் தெரு மூன்றும் கேட்டிருக்கின்றன. அந்த அம்மா மூன்றையும் நேரில் நடந்து பார்த்து, எது மோசமோ அதற்குக் கொடுப்பார். இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா? படிக்க வேண்டாம், எழுத வேண்டாம், உள்ளதை உள்ளபடி காட்டினால் முதல் மார்க் எங்களுக்குத்தான். எங்கள் சாக்கடையோடு போட்டி போட இந்த நகரத்திலேயே ஆளில்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் அத்தான். தலைவராக வேறு யாரும் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். நாற்காலிகள் அவர் வீட்டில் இருந்தது இன்னொரு காரணம். கூட்டம் கூடியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேக்கரிக்காரர், வீட்டை விற்பதற்கு விலை பேசிக்கொண்டிருந்த மாடிவீட்டுக்காரர், தையல்கார அம்மா எல்லாரும் உறைபோட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன்.

"ஒண்ணும் பண்ண வேணாம். அந்தம்மாவைக் காலையில எட்டு மணிக்கு வரச் சொல்லுங்க. பள்ளத்துல கொண்டு வந்து நிறுத்துங்க. மிச்சத்தைச் சாக்கடை பேசிக்கும்" என்றேன்.

தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார். "ஒரு பெரிய மனுஷி வர்ற எடத்துல இப்படியா பேசறது?"

"நாத்தத்துல நிக்க வச்சா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார் தையல்கார அம்மா.

மாடிவீட்டுக்காரர் தன் கவலையைச் சொன்னார். "போட்டோ கீட்டோ எடுத்துப் போட்டுட்டாங்கன்னா என் வீட்டை எவன் வாங்குவான்?"

அத்தான் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். அந்தக் கையைப் பார்த்ததுமே காரியம் கெட்டது என்று தெரிந்துவிட்டது. கம்பெனி மூடியதிலிருந்து அவருக்கு ஒரு விசிட்கூட வாய்க்கவில்லை. பட்டினி கிடந்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. "பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். எப்படிச் செய்யணும்னு எனக்குத் தெரியும். குறையைச் சொல்றதுக்கும் ஒரு முறை இருக்கு."

"அத்தான், அழுத பிள்ளைக்குத்தான் பால். பட்டறைக்கு வண்டி கொண்டு வர்றவன் எண்ணெய் ஒழுகற இடத்தையெல்லாம் பளபளன்னு துடைச்சிட்டு வந்து நின்னா, நான் எதைப் பார்த்து ரிப்பேர் பண்றது?"

"நீ ஸ்கூட்டரைப் பாரு மச்சான். மனுஷங்களை நான் பாத்துக்கறேன்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் பேச்சு அடிபட்டுப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கம்பெனியின் பழைய கிடங்குக் காவலாளியைப் பிடித்து அத்தான் ஒரு பெரிய பம்பை வரவழைத்தார். பள்ளத்துக் குழியில் குழாயை இறக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் உறிஞ்சிப் பின்னால் கிடந்த காலி மனையில் விட்டார்கள். இத்தனை மாதமாகச் சாக்கடை பொங்கியபோது இந்தப் பம்பு எங்கே போயிருந்தது என்று நான் கேட்டேன். "அப்ப யாரும் வரலையே" என்றார். குழிக்குள் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். தெருவின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக்கோடு போட்டார்கள். பேக்கரிக்காரர் தன் கடை முன்னால் இருந்த குப்பையை அள்ளி என் பட்டறைக்குப் பின்னால் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார்.

அது மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அக்கா மகளும் மாப்பிள்ளையும் அன்று மத்தியானம் குழந்தையை டாக்டரிடம் காட்டப் போயிருந்தார்கள். சாவி அக்காவிடம் இருந்தது. அத்தான் சாவியை வாங்கிக்கொண்டு, பெயிண்டர் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு இருந்த கறுப்புக் கறையை முழுக்க வெள்ளையடித்து மறைத்துவிட்டார். சாக்கடை எதுவரை ஏறியது என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

திரும்பி வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா, இதைத்தானேப்பா அவங்களுக்குக் காட்டணும்னு நான் கழுவாம வச்சிருந்தேன்?"

"கறையைக் காட்டவா வீட்டுக்கு ஆளைக் கூப்பிடுவாங்க? வாயால சொல்லிக்கலாம் கண்ணு. அப்பா பாத்துக்கறேன்." பெயிண்டர் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றிப்பா, அருமையா செஞ்சே" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். அதைச் செய்கிறவன் ஊரான் பூசணிக்காயை மறைப்பான். சொந்த மகள் வீட்டுப் பூசணிக்காயை, அவள் ஊருக்குக் காட்டவென்று எடுத்து வைத்திருக்க, மறைத்த ஒரே ஆள் என் அத்தான்தான்.

மறுநாள் விடியற்காலையில் அவர் சலவைச் சட்டையோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். கவுன்சிலர் அம்மா வந்துவிட்டுப் போகும்வரை யாரும் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, கக்கூஸில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதே வேண்டுகோளோடு போன மாதம் அக்கா மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே வீடுகளின் படியேறியிருக்கிறாள். எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடாமல் கொஞ்சம் முன்னே பின்னே விட்டால் தன் வீட்டுக்குள் வராது என்று கெஞ்சினாள். "எங்க வீட்டுத் தண்ணி, எங்க இஷ்டம்" என்று மாடிவீட்டுக்காரர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியனுப்பினார். ஒரு குழந்தைக்காக ஒரு வாளித் தண்ணீரை அடக்க முடியாத இந்த ஜனங்கள், ஒரு கவுன்சிலருக்காக அன்று காலை வயிற்றையே அடக்கிக்கொண்டு நின்றார்கள். தலைமையாசிரியர் ஒரு காலில் நிற்பதும் மறு காலில் நிற்பதுமாக வாசலில் அவஸ்தைப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். மரியாதை என்றால் என்ன என்று இவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பத்து மணிக்குக் கவுன்சிலர் அம்மா வந்தார். கெட்ட பெண்மணி என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போன முகம். காலணியெல்லாம் சேறு, காலில் கணுக்கால் வரைக்கும் கறுப்பு. உதவியாளன் ஒருவன் குடையோடு பின்னால் வந்தான். தெருமுனையில் கால் வைத்ததுமே அந்த அம்மா நின்று மூச்சை இழுத்துவிட்டார். "அப்பாடா! இப்பத்தான் மூச்சு விட முடியுது. சந்தைத் தெருவுல என்னை உள்ளயே இறக்கிட்டாங்க. ஒருத்தன் என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் நடுவுல நிறுத்திட்டான்."

"சே, என்ன ஜனங்கள்!" என்றார் அத்தான். கால் கழுவத் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரையும் சாக்கடையில் விடாமல் வாளியில் பிடித்தார்கள்.

பூங்கொத்து, தேநீர், பேக்கரிக்காரரின் கேக் எல்லாம் முடிந்து பள்ளத்துக்கு இறங்கி வந்தார்கள். மகள் குழந்தையோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் அக்கா. "இங்கதாம்மா, தினமும் வீட்டுக்குள்ள வந்துடுது. இதோ, இது வரைக்கும் ஏறும்" என்று மகள் சுவரைக் காட்டினாள். சுவர் பால்போல வெளுப்பாக இருந்தது.

கவுன்சிலர் அம்மா சுவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "நல்லா சுத்தமா வச்சிருக்கேம்மா வீட்டை" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, "இதைப் பாருங்கம்மா" என்று குழியின் மூடியை நெம்பித் தள்ளினேன். அந்த அம்மா எட்டிப் பார்த்தார். உள்ளே பிளீச்சிங் பவுடர் வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசனை அடித்தது.

"நான் கவுன்சிலராகி இவ்வளவு சுத்தமான குழியைப் பார்த்ததில்ல" என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே சொன்னார்.

"நேத்து வந்திருந்தா பாத்திருப்பீங்க. நேத்துகூட வீட்டுக்குள்ள வந்துச்சு."

"நேத்தா?" அவர் காய்ந்துகிடந்த தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். "அப்படியாங்க?"

அவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பூங்கொத்துக்குக் கை நீட்டியது. அத்தான் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"என் மச்சான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான். சின்னச் சின்னக் குறை எந்தத் தெருவுலதாம்மா இல்ல? உங்க பார்வை பட்டதே எங்களுக்குப் பெரிய விஷயம்."

"அப்பா!" என்றாள் மகள்.

"சும்மா இரும்மா, அப்பா பேசிட்டிருக்காரில்ல" என்று தையல்கார அம்மா அவள் தோளைப் பிடித்தார்.

"எல்லாத் தெருவும் உங்க தெரு மாதிரி இருந்துட்டா எனக்கு வேலையே இருக்காது" என்றார் கவுன்சிலர் அம்மா. "எனக்கு ரெண்டு கண்ணு இருக்குங்க, கண்ணுல பட்டதை வச்சுத்தான் நான் முடிவு பண்ண முடியும். சந்தைத் தெருக்காரங்க நிலைமை ரொம்ப மோசம். இந்தத் தடவை அவங்களுக்குக் குடுத்துடறேன். நீங்க பெருந்தன்மையா ஒத்துக்குவீங்கன்னு தெரியும்."

கூட்டம் கைதட்டியது. பறிகொடுத்துவிட்டுக் கைதட்டுகிற கூட்டத்தை நான் அன்றுதான் பார்த்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் அத்தான் தொண்டையைச் செருமினார். நாற்காலி, தேநீர், கேக், பூங்கொத்து, குடை பிடித்தவன், கடைசியாகச் சந்தைத் தெருவுக்கு நிதி கொடுத்த நல்ல மனதுக்கும் சேர்த்து நன்றி சொன்னார். நான் கடப்பாரையைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

கார் திரும்பியதோ இல்லையோ, தெரு முழுக்கக் கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. காலையிலிருந்து அடக்கிவைத்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே ஓடினார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் திறந்துவைத்த மூடியைத் திரும்பப் போடக்கூட நேரமில்லை. குழியிலிருந்து ஆள் உயரத்துக்குக் குபுக்கென்று எழும்பி, தெருவை நிரப்பி, வெள்ளைக்கோட்டை அழித்து, மகள் வீட்டு வாசல்படியைத் தாண்டி உள்ளே போயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா என் பட்டறை மேஜைமேல் ஏறி நின்றாள்.

நான் சேற்றில் விழுந்தடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். அத்தான் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"போனைப் போடுங்க! அந்தம்மா இன்னும் முனையைத் தாண்டியிருக்க மாட்டாங்க. திரும்பி வரச் சொல்லுங்க, கண்ணால பாக்கட்டும்."

அவர் என் காலிலிருந்து தரையில் சொட்டிய சேற்றைப் பார்த்தார். "இப்பத்தான் வாயாரப் பாராட்டிட்டுப் போனாங்க. அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டு நாறுதுன்னு சொன்னா என்ன நினைப்பாங்க மச்சான்? நம்ம வார்த்தைக்கு அப்புறம் என்ன மதிப்பு?"

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். நான் பிடுங்கப் போனேன். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சொந்தப் பேத்தியோடு பெண்டாட்டி மேஜைமேல் நிற்கிறாள், இந்த மனுஷன் சொந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அச்சில் ஏறாத வார்த்தைகள்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை வெள்ளையடித்த அறையின் நடுவில் நின்றிருந்தார். புதுச் சுவரில் முழங்காலுக்கும் மேலே கறுப்பு ஏறியிருந்தது. "போதும் மாமா" என்றார். சத்தம் போடவில்லை. மறுநாளே ஐஸ் கம்பெனிக்குச் சரி என்று சொல்லிவிட்டார்.

மழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் லாரி வந்தது. அதற்கு முதல்நாள் அக்கா என் பட்டறைக்கு வந்து, துணிமூட்டை மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அவளும் வேலைக்குப் போகணும்டா தம்பி. புது ஊர்ல குழந்தையை யாருகிட்ட விடுவா? என்னைக் கூப்பிடறா."

"போ. முதல்ல போ" என்றேன்.

"அவரு என்ன பண்ணுவாருடா? அடுப்பு பத்த வைக்கத் தெரியாது. முழங்கால் மடங்காது. நான் இல்லாம ஒரு நாள் இருந்ததில்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். 'என்னால முடியாது, போகாதே'ன்னு சொல்லட்டும். லாரியில ஏறியிருந்தாலும் இறங்கிடுவேன். அதைக் கேக்காமலேயே இத்தனை வருஷம் போயிடுச்சு."

அன்று சாயங்காலமே நான் அத்தானிடம் போனேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அந்தப் படியை மிதித்திருக்கவே கூடாது, அக்காவுக்காகப் போனேன். அவள் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே சொன்னேன். "ஒரே ஒரு வார்த்தை அத்தான். அது போதுமாம்." அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை, கல்லுக்குள்ளும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

லாரி புறப்படுகிற நேரத்துக்கு அவர் வந்தார். முகம் மழித்து, தலைவாரி, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். தெருவே கூடியிருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. மகள் குழந்தையோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா லாரிக் கதவைப் பிடித்தபடி கீழே நின்றாள். ஒரு காலைக்கூடப் படியில் வைக்கவில்லை.

"என்னங்க, நான் போகட்டுமா?" என்றாள்.

அத்தான் கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் அந்தப் புன்னகை வந்துவிட்டது.

"தாராளமா போய்ட்டு வா. எனக்கென்ன குறை? சௌகரியமா இருப்பேன். அக்கம்பக்கத்துல இவ்வளவு நல்லவங்க இருக்காங்க."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டு இரண்டு தரம் ஹாரன் அடித்தான். "சரி" என்றாள் அக்கா. "மாத்திரை அலமாரியில இருக்கு. ராத்திரி மறக்காமப் போடுங்க." ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். லாரி பள்ளத்துச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று.

"வாய்ல என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். "அவ நின்னு கேட்டாளே! போகாதேன்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"அத்தனை பேரு முன்னாடியா மச்சான்?" என்றார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன். எரிச்சல்தான் வந்தது. பட்டறைக்குத் திரும்பிவிட்டேன்.

மத்தியானம் அவர் சரிவில் மெல்ல இறங்கி வந்தார். பட்டறை வாசலில் நின்று, பழுதுக்கு வந்திருந்த ஒரு வண்டியைத் தடவிக்கொடுத்து, நல்ல வண்டி என்று பாராட்டினார். உட்காரச் சொன்னேன், அக்கா உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் வீட்டு அடுப்பு அன்று எரியவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உதடு காய்ந்திருந்தது.

"சாப்பிட்டாச்சா அத்தான்?"

"ஆச்சு மச்சான். திருப்தியா ஆச்சு."

"நல்லது" என்றேன். என் டிபன் பாக்ஸைத் திறந்து, அவர் பார்க்கப் பார்க்க, ஒரு பருக்கை விடாமல் நானே சாப்பிட்டு முடித்தேன்.